நுகத்தடியும் அனுப்பாத பார்சலும்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இரண்டு வருடமாகத்தான் விசுவாசத்தை மனதார எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்வது உங்கள் வேலை. சரக்கு இன்னும் கிடங்கிலேயே கிடக்கும்போது "நேற்றே அனுப்பியாச்சு" என்று சொல்லச் சொல்கிறார் மேலாளர். இடைவேளையில் மற்றவர்கள் பேசுகிற புறணி பிடிக்காமல் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள். அதனால் 'பாதர்' என்று பட்டப்பெயர் வேறு வந்துவிட்டது. வேலை இடத்தில் சாட்சியாக இருங்கள் என்கிறார் போதகர், உங்களுக்கோ வாயைத் திறக்கவே பயம். கடைசியில், "பேசாமல் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போய்விடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்க்க நான்கு கேள்வி போல இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. தினமும் எட்டு மணி நேரம் நான் செய்கிற இந்த வேலையில் கடவுளுக்கு அக்கறை உண்டா? அல்லது நாலு பேரிடம் இயேசுவைப் பற்றிச் சொல்ல வசதியான இடம் என்பதால் மட்டும் அதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறாரா? இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் அந்த நான்கும்.

நான் போதகர் இல்லை. ஒரு உற்பத்தித் தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் 27 வருடம் இருந்தேன், கடைசி 11 வருடம் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாளர். நடுவில் மாலை வகுப்பில் இறையியல் பட்டயம் படித்தேன். சபையில் ஆள் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்வேன். ஆகவே வேதத்தில் தெளிவாக இருப்பது எது, அறிஞர்களும் சபைகளும் வேறுபடுவது எங்கே, என் சொந்த அபிப்பிராயம் எது என்று பிரித்தே சொல்லப் பார்க்கிறேன். சட்டம் குறுக்கிடுகிற இடத்தில் மட்டும் என்னை நம்ப வேண்டாம், அது தெரிந்தவரைக் கேளுங்கள்.

'முழுநேர ஊழியம்' என்ற சொல்லிலிருந்து ஆரம்பிப்போம். ஊழியர் என்றால் தமிழில் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். சபை வாசலைத் தாண்டியதும் அதே சொல் பிரசங்கம் செய்பவரைக் குறிக்கத் தொடங்கிவிடுகிறது. நடுவில் சுவர் எழுப்பியது நாம்தான். பவுல் கொலோசெ சபைக்கு எழுதியபோது, எஜமான் வீட்டில் உழைத்துக்கொண்டிருந்த அடிமைகளைப் பார்த்து, "பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்" என்கிறார், நம் பழைய மொழிபெயர்ப்பில். தண்ணீர் சுமப்பதும் பாத்திரம் கழுவுவதும் அங்கே ஊழியம்தான். எபிரெய மொழியில் இது இன்னும் சுவாரசியம். ஆதியாகமம் 2:15-ல் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதைப் "பண்படுத்தவும் காக்கவும்" என்று வருகிறது. பண்படுத்துவது என்பதற்கு அங்கே இருக்கிற வினைச்சொல் 'ஆவாத்'. என் ஜனங்கள் எனக்கு ஆராதனை செய்யும்படி அவர்களை அனுப்பிவிடு என்று பார்வோனிடம் சொல்லப்படும்போது வருவதும் இதே சொல். அதே பார்வோன் அந்த ஜனங்களைச் செங்கல் வேலையில் போட்டுக் கசக்கிப் பிழிந்ததற்கும் இதே சொல். மண்ணைக் கொத்துவது, கடவுளை வணங்குவது, அடிமைப்பட்டு உழல்வது எல்லாம் ஒரே வேரிலிருந்து.

ஒரு சொல்லின் வேரைப் பிடித்துக்கொண்டு முழு இறையியலையும் கட்டிவிட முடியாது. அப்படிப் பிரசங்கம் செய்கிறவர்களை நானே கேலி செய்வேன். ஆனால் சொல்லை விட்டுவிட்டாலும் கதையின் வரிசை அப்படியேதான் இருக்கும். தோட்டத்தில் வேலை கொடுக்கப்பட்டது 2-ம் அதிகாரத்தில், முள்ளும் நெற்றி வேர்வையும் வருவது 3-ம் அதிகாரத்தில். அதாவது வேலை சாபத்தால் வந்ததில்லை, வேலை இவ்வளவு கஷ்டமாக இருப்பதுதான் சாபத்தோடு சேர்ந்தது. விசுவாசத்துக்கு வந்தபிறகும் வேலை சலிப்பாக இருக்கிறதே என்று பலர் குற்ற உணர்வோடு வந்து கேட்பார்கள். அந்த அதிகாரத்தைத்தான் காட்டுவேன். முள் இருக்கும் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறது, உங்களுக்கு மட்டும் தனியாக எதுவும் கோளாறு இல்லை.

இயேசுவைத் தச்சன் என்று மாற்கு 6:3 சொல்கிறது. என்ன செய்தார் என்று சுவிசேஷங்களில் ஒரு வரிகூட இல்லை. 2-ம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், அவர் ஏரும் நுகத்தடியும் செய்தார் என்று எழுதியிருக்கிறார். நூறு வருடத்துக்கும் மேல் கழித்து எழுதியது அது, கண்ணால் கண்டவர் சொன்னதில்லை. ஆகவே தச்சு வேலை உறுதி, நுகத்தடி மரபு. மரபுதான் என்றாலும் எனக்கு அந்த நுகத்தடியை விட மனம் வரவில்லை. நுகத்தடியைச் சரியாக இழைக்காமல் கொடுத்தால் வாங்கிப்போகிறவருக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நான்கு நாள் உழுதபிறகு மாட்டின் கழுத்து புண்ணாகும். மாடு வந்து பட்டறையில் புகார் சொல்லப்போவதில்லை. புகார் சொல்ல முடியாதவருக்காக ஒழுங்காகச் செய்கிற வேலை என்பதைத்தான் 'கர்த்தருக்கென்று செய்கிற வேலை' என்று நான் புரிந்துவைத்திருக்கிறேன். உங்கள் வேலையின் மறுமுனையில் யார் இருக்கிறார்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இது எனக்குத் தானாகப் புரிந்துவிடவில்லை. விசுவாசத்துக்கு வந்த புதிதில் நாங்கள் மூன்று பேர் காலை ஷிப்ட் தொடங்கியதும் கருவிகள் வைக்கும் அறையில் பத்து நிமிடம் ஜெபம் செய்வோம். பத்து என்று ஆரம்பித்தது இருபதாகும். மிகவும் உருக்கமான ஜெபங்கள். இரவு ஷிப்ட்காரர் ஒருவர் என்னிடம் பதிவேட்டை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்காமல் வீட்டுக்குப் போக முடியாது. அவர் தினமும் வெளியே நின்றுகொண்டிருந்திருக்கிறார். மாதக்கணக்கில் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் நான் வெளியே வந்தபோது, "நீங்க ஜெபம் பண்ணுங்க சார், பரவாயில்லை. என் பஸ்தான் போயிடும், அடுத்தது முக்கால் மணி நேரம் கழிச்சு" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். இரவெல்லாம் நின்ற மனிதரை இன்னும் முக்கால் மணி நேரம் நிற்கவைத்துவிட்டு உள்ளே நான் யாருக்காகப் பாரத்தோடு ஜெபித்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்துப் பாருங்கள். ஜெபத்தை நிறுத்தவில்லை, ஷிப்டுக்கு முன்னால் அரை மணி நேரம் சீக்கிரம் வரத் தொடங்கினோம். மூன்று பேர் ஒருவரானது வேறு விஷயம்.

வேலையையும் ஜெபத்தையும் இப்படிப் பங்கு பிரிக்காத பழைய மரபுகள் சபை வரலாற்றில் உண்டு. 6-ம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிவைத்த ஒழுங்கில், மடத்தின் சாமான்களைப் பார்த்துக்கொள்பவர் அங்கே உள்ள பாத்திரம் பண்டங்களையெல்லாம் பலிபீடத்துப் பாத்திரங்களைப் போலக் கருத வேண்டும் என்று வருகிறது. 17-ம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ், அடுப்படிச் சத்தத்துக்கு நடுவிலும் ஆலயத்தில் முழங்காலில் இருப்பது போலவே கடவுளோடு இருந்ததாகச் சொன்னவர். 1691-ல் இறந்துபோன அவரைப் பற்றி இன்றைக்கும் நாம் பேசுவது அந்த அடுப்படியால்தான். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சபைச் சீர்திருத்தவாதி லூத்தர் சொன்னதாக ஒரு செருப்புத் தைப்பவர் கதை சுற்றுகிறது, செருப்பில் சிலுவை போடாதே, நல்ல செருப்பாகத் தை என்று. அசிசி பிரான்சிஸ் சொன்னதாக, எப்போதும் பிரசங்கி, தேவைப்பட்டால் மட்டும் வார்த்தையைப் பயன்படுத்து என்று இன்னொன்று. இரண்டும் அவர்கள் எழுத்தில் எங்கும் கிடைக்கவில்லை. கருத்து நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பெரியவர் பெயரை ஒட்டிவிட்டிருக்கிறார்கள். அலுவலகத்தில் உண்மை பேசுவதைப் பற்றிப் பேசும்போதே பொய் மேற்கோள் காட்டினால் நன்றாகவா இருக்கும்?

"எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்ற கொலோசெயர் 3:23 வசனத்தை உங்கள் மேஜையில் ஒட்டியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். நல்ல வசனம். ஆனால் அது யாருக்குச் சொல்லப்பட்டது என்பதை மறந்துவிடாதீர்கள். அடிமைகளுக்கு. ராஜினாமாக் கடிதம் கொடுக்க முடியாதவர்கள், சங்கம் வைக்க முடியாதவர்கள், புகார் எழுத முடியாதவர்கள். உன் உழைப்பைப் பார்க்கிற வேறொரு எஜமான் உண்டு என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! அதே வசனத்தைச் சம்பளம் தராமல் கூடுதல் நேரம் வேலை வாங்குகிற ஒரு முதலாளி, அதிலும் விசுவாசியான முதலாளி, எடுத்துக் காட்டும்போது அது வேறு ஒன்றாகிவிடுகிறது. அந்தப் பகுதி அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தில்தான் முடிகிறது. எஜமான்களே, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறார் என்று. கூலிக்காரன் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே என்கிறது லேவியராகமம் 19. பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5. உரிய சம்பளத்தைக் கேட்பதோ, விடுப்பு எடுப்பதோ, இது நியாயமில்லை என்று எழுதிக்கொடுப்பதோ விசுவாசக் குறைவு இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

சரி, அந்தப் பார்சலுக்கு வருவோம். உங்களை உண்மையாகவே தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று நினைக்கிறேன்.

எது பொய், எது பொய் இல்லை என்று முதலில் கொஞ்சம் நிதானமாகப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் புதிதாக மனசாட்சி கூர்மையானவர்களுக்கு எல்லாமே பொய்யாகத் தெரியும். கிடங்கில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று வெளியாளுக்குச் சொல்லாமலிருப்பது பொய் இல்லை. நிறுவனத்தின் ரகசியத்தைக் காப்பது பொய் இல்லை. "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே பார்த்தால் அதுவும் பொய் இல்லை. எப்படி இருக்கிறீர்கள் என்றதற்கு நன்றாக இருக்கிறேன் என்பதைப் போட்டு அலசவே வேண்டாம். "நேற்றே அனுப்பியாச்சு" என்பது வேறு வகை. அந்தப் பக்கம் இருப்பவர் அதை நம்பி ஒரு காரியம் செய்யப்போகிறார். ஆட்களை வரச்சொல்லிவைப்பார், தன் வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுப்பார், வேறு இடத்தில் வாங்க இருந்ததை நிறுத்திவிடுவார். மாட்டின் கழுத்து என்று சொன்னேனே, அது இங்கே இருக்கிறது. "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" சொல்லச் சொன்ன மத்தேயு 5:37 இந்த மாதிரி இடத்துக்குத்தான்.

பொய்யே கூடாதா என்பதில் சபைக்குள் பழைய விவாதம் உண்டு. எபிரெயக் குழந்தைகளைக் கொல்லாமல் விட்டுவிட்டுப் பார்வோனிடம் சாக்குச் சொன்ன மருத்துவச்சிகளுக்குக் கடவுள் நன்மை செய்தார் என்கிறது யாத்திராகமம் 1. எந்தப் பொய்யும் கூடாது என்றே பழைய சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தீன் நின்றார், உயிர் காக்கிற இடம் வேறு என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கே இதில் முடிந்த முடிவு இல்லை. ஆனால் அந்த விவாதத்தைக் காட்டிப் பார்சல் பொய்யை நியாயப்படுத்த வழியில்லை. இங்கே யார் உயிரும் ஊசலாடவில்லை, ஒரு மணி நேரச் சங்கடத்தைத் தவிர்க்கத்தான் இந்தப் பொய்.

எப்படி மறுப்பது? தானியேல் 1-ம் அதிகாரத்தைச் சிங்கக் கெபி நினைப்பு இல்லாமல், ஒரு அலுவலகக் கதையாகப் படித்துப் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன தானியேல் அங்கே கொடுத்த புதுப் பெயரை ஏற்றுக்கொண்டான், கல்தேயரின் படிப்பையும் எழுத்தையும் கற்றான், அந்நிய ராஜாவிடம் வேலைக்கும் நின்றான். ராஜாவின் உணவைச் சாப்பிடுவது என்ற ஒரே ஒரு இடத்தில்தான் கோடு கிழித்தான். அதையும் முழக்கமாகச் செய்யவில்லை, பிரதானியிடம் அனுமதி கேட்டான். பிரதானி, உங்கள் முகம் வாடியிருந்தால் ராஜாவிடம் என் தலை போகும் என்று பயந்தபோது அந்தப் பயத்தை அலட்சியப்படுத்தவில்லை. விசாரிப்புக்காரனிடம் போய், பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டான். ஏன் ராஜ உணவை மட்டும் மறுத்தான் என்பதற்கு உரையாசிரியர்களிடம் ஒருமித்த பதில் கிடையாது. ஆனால் எப்படி மறுத்தான் என்பது வசனத்திலேயே பளிச்சென்று இருக்கிறது. உங்கள் மேலாளருக்கும் தலை போகிற பயம் ஒன்று இருக்கும், அவருக்கு மேலே ஒருவர் கத்துகிறார். ஆகவே எல்லோர் முன்னாலும், போன் நடக்கும்போது, "என் விசுவாசம் இதை அனுமதிக்காது" என்று ஆரம்பிக்காதீர்கள். தனியாகப் போய், "அனுப்பியாச்சு என்று சொன்னால் மறுநாள் இரண்டு மடங்கு கோபத்தோடு மறுபடியும் கூப்பிடுகிறார்கள். இன்னும் கிளம்பவில்லை, இன்ன நாளுக்குள் வரும் என்று சொல்லிப் பார்க்கிறேன். இரண்டு வாரம் என் பொறுப்பில் விடுங்கள்" என்று கேளுங்கள். அவர் காரணம் கேட்டால் அப்போது மறைக்க வேண்டாம், "எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை" என்றும் சொல்லிவிடுங்கள். இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. கிடங்கில் உள்ளவரிடம் பேசி உண்மையான தேதியை வாங்கிவைத்திருக்க வேண்டும். உண்மை பேசுவது பொய் சொல்வதைவிட அதிக வேலை, அதைச் செய்யாமல் போனில் மட்டும் நேர்மையாக இருந்தால் வாடிக்கையாளருக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

இதைச் செய்தால் எல்லாம் நல்லபடி முடியும் என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை எங்கள் பிரிவில் ஒரு சோதனை இயந்திரம் பழுதாகிவிட்டது. சரக்கு அன்றைக்கே போயாக வேண்டும். செய்யாத சோதனைக்குக் கையெழுத்துப் போடச் சொன்னார் அன்றைய மேலதிகாரி. போட்டேன். ஆமாம், போட்டேன். அந்தத் துண்டுகள் எங்கே போயின, யார் இயந்திரத்தில் பொருத்தப்பட்டன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன். அடுத்த வருடம் அதே இயந்திரம், அதே அவசரம். இந்த முறை அந்தக் கட்டத்தில் "இயந்திரம் பழுது, சோதனை செய்யப்படவில்லை" என்று எழுதி அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். சரக்கு இரண்டு நாள் நின்றது. எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது, பிறகு கிடைக்க மூன்று வருடம் ஆயிற்று. சபையில் சாட்சி சொல்கிறவர்கள் இந்த மாதிரிக் கதைகளைக் கடைசியில் பதவி உயர்வோடுதான் முடிப்பார்கள். யோசேப்பு எஜமானின் மனைவியை மறுத்ததற்கு உடனடியாகக் கிடைத்த பலன் சிறை. அதிகாரியானது பிறகு, பல வருடம் கழித்து. அந்த வருடங்களைத் தாவிவிட்டுப் பிரசங்கம் செய்வது கேட்கிறவர்களை ஏமாற்றுவதுதான்.

அப்படியானால் வேலையை விடுவது எப்போது? யோவான் ஸ்நானகனிடம் வரி வசூலிப்பவர்களும் போர்ச்சேவகர்களும் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட இடம் லூக்கா 3-ல் இருக்கிறது. அன்றைய சமூகம் காறித் துப்பிய தொழில்கள். ஆனாலும் அவர் விட்டுவிடு என்று சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதே, யாரையும் மிரட்டாதே, பொய்க் குற்றம் சாட்டாதே, சம்பளம் போதும் என்றிரு என்று அந்தந்தத் தொழிலுக்குள்ளேயே பதில் சொன்னார். நானும் அதையே முதலில் சொல்வேன், இருந்துகொண்டே ஒழுங்காகச் செய்ய முடிகிறதா பாருங்கள். அந்தத் தொழிலின் அடிப்படையே ஏமாற்று என்றால், அல்லது உயிருக்கு ஆபத்தான ஒன்றுக்கு உங்கள் பெயரில் கையெழுத்துக் கேட்டால், கிளம்புவது சரி. நடுவில் இருக்கிற பெரிய சாம்பல் பகுதியில் வெளியாள் யாரும் உங்களுக்காக முடிவெடுக்க முடியாது. கடன் இருப்பவருக்கும், வீட்டில் ஒரே சம்பளக்காரருக்கும் "உடனே விட்டுவிடு, தேவன் பார்த்துக்கொள்வார்" என்று சொல்கிறவர்களைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள், அந்த மாதச் சம்பளத்தை அவர்கள் கொடுக்கப்போவதில்லை.

சாட்சி பற்றி உங்கள் பயத்தை நான் மதிக்கிறேன், அதில் பாதி ஆரோக்கியமான பயம். சாட்சி என்பது நீதிமன்றச் சொல். சாட்சி வேறு, வக்கீல் வேறு. கூண்டில் ஏறியவர் தான் கண்டதைச் சொன்னால் போதும், அதுவும் கேட்கும்போது. 1 பேதுரு 3:15 உங்கள் நம்பிக்கையைக் குறித்து "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறது, அதையும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்". கேட்காதவரிடம் பேசவே கூடாது என்று இந்த ஒரு வசனத்தை வைத்து நான் சொல்ல வரவில்லை. கேட்காத இடங்களிலும் அப்போஸ்தலர்கள் பேசியிருக்கிறார்கள். ஆனால் சந்தைவெளியில் நின்று பேசுவதும், எட்டு மணி நேரம் எழுந்து போக வழியில்லாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதும் ஒன்றாகாது.

உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர் என்றால் நான் இன்னும் ஒரு படி மேலே போய் வேண்டவே வேண்டாம் என்பேன். இது என் அபிப்பிராயம், வேறு கருத்துள்ள நல்ல விசுவாசிகளை எனக்குத் தெரியும். காரணம் சொல்கிறேன். பொறுப்பாளரான புதிதில் ஒரு பயிற்சி ஊழியரைச் சபைக்கு அழைத்தேன். அவருடைய பணி நிரந்தரக் கடிதத்துக்குப் பரிந்துரை செய்ய வேண்டியவன் நான். அது அப்போது என் மனதில் தோன்றவே இல்லை, அவர் மனதில் தோன்றாமல் இருந்திருக்குமா? மூன்று ஞாயிறு வந்தார். பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஜெபத்தில் கண்ணை மூடினார். கடிதம் கைக்கு வந்த வாரத்திலிருந்து வரவில்லை. அவர் மேல் தப்பே இல்லை. நல்ல செய்தி என்று நினைத்து நான் கொடுத்ததை அவர் வேலைக்குக் கொடுக்க வேண்டிய விலையாகப் பார்த்திருக்கிறார். அதன் பிறகு அவர் என்னிடம் சாதாரணமாகப் பேச ஒரு வருடம் ஆனது. இதோடு சேர்ந்தது இன்னொன்று, விசுவாசிகளாகப் பார்த்து வேலைக்கு எடுப்பது, நம் சபைக்காரரின் தவறை மட்டும் பெரிதுபடுத்தாமல் விடுவது. பட்சபாதம் பண்ணாதே என்று யாக்கோபு 2 சொல்வது ஆலய இருக்கையோடு முடிந்துவிடுவதில்லை. அப்புறம், வேலை இடத்தில் மதம் பற்றிப் பேசுவதற்கு நிறுவன விதியும் சட்டமும் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் இடத்தில் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தனியாகச் சாப்பிடுவதை நாளையிலிருந்து நிறுத்திவிடுங்கள். இதைத்தான் உங்கள் கடிதத்தில் அதிகம் யோசிக்காமல் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் அதிகம் உறுத்தியது. வரிவசூலிப்பவர்களோடு பந்தியில் உட்காருகிறார் என்றுதான் இயேசுவின் மேல் குற்றச்சாட்டு வந்தது, பந்தியைவிட்டு எழுந்துபோகிறார் என்று யாரும் குறை சொன்னதில்லை. புறணி நடந்தால் கூடச் சேராமல் இருக்கலாம், பேசப்படுகிறவரைப் பற்றித் தெரிந்த நல்லது ஒன்றைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றலாம். எப்போதும் பலிக்காது. ஆனால் எழுந்துபோகிற முதுகு என்ன சொல்கிறது என்றால், நான் உங்களைவிட மேல் என்று. 'பாதர்' என்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பாருங்கள். அதே பெயரை வைத்தவரே ஒருநாள் வீட்டுப் பிரச்சினையைச் சொல்ல உங்களைத் தனியாகக் கூப்பிடலாம், எங்கள் பிரிவில் அப்படி நடந்திருக்கிறது. நீங்கள் தவறு செய்தால் மன்னிப்புக் கேளுங்கள், மின்னஞ்சலில் பத்துப் பேர் முன்னால் ஒருவரைக் குறை சொல்லியிருந்தால் மன்னிப்பும் அதே பத்துப் பேர் முன்னால்.

வேலை இடத்தில் வேறு மதச் சடங்கு நடக்கும்போது நிற்கலாமா என்று போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். இதில் விசுவாசிகள் வேறுபடுகிறார்கள், ரோமர் 14 அந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுக்கிறது. கர்த்தரை நம்பத் தொடங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான், ராஜா என் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலில் பணியும்போது நானும் குனிய வேண்டியிருக்கும், கர்த்தர் மன்னிப்பாராக என்றபோது தீர்க்கதரிசி எலிசா "சமாதானத்தோடே போ" என்று மட்டும் சொன்னான். அது அனுமதியா, வெறும் வழியனுப்புதலா என்று உரையாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். மரியாதையாக ஓரமாக நிற்பதில் நான் பிழை காணவில்லை, உங்கள் மனசாட்சி உறுத்தினால் முன்கூட்டியே பணிவாகச் சொல்லி விலகிக்கொள்ளுங்கள். நின்றவரை விலகியவரும், விலகியவரை நின்றவரும் குறை சொல்லாமல் இருந்தால் சரி.

கடைசியாக அந்த முழுநேர ஊழியம். 1785-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்போர்ஸ் இதே குழப்பத்தோடு போதகர் ஜான் நியூட்டனிடம் போனார், அரசியலை விட்டுவிடலாமா என்று. நியூட்டன் நாடாளுமன்றத்திலேயே இருக்கச் சொன்னார். 1807-ல் பிரிட்டனில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கிற சட்டம் வந்ததற்குப் பின்னால் அந்த ஆலோசனையும் இருக்கிறது. பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா வீட்டில் கூடாரம் தைத்துக்கொண்டே பிரசங்கித்தார். மறுபக்கம், மீன்வலையை விட்டுவிட்டு வரும்படி அழைக்கப்பட்டவர்களும் உண்டு. ஆகவே உங்களுக்கு அழைப்பு இல்லை என்று நான் சொல்ல முடியாது, என்னைப் போன்ற முகம் தெரியாத ஒருவர் சொல்லவும் கூடாது. நான் கேட்பது இரண்டுதான். மேலாளரோடு மனக்கசப்பு நடந்த மாதத்தில் இந்த முடிவை எடுக்காதீர்கள். சபை அலுவலகத்திலும் கணக்குப் புத்தகம் உண்டு, தாமதமான வேலை உண்டு, "போதகர் இல்லை என்று சொல்லிவிடு" என்கிற போன் உண்டு. இங்கே சொல்ல முடியாத உண்மை அங்கே போனால் சுலபமாகிவிடும் என்று நினைத்துப் போகிறீர்களா என்று உங்களை நெருக்கமாகத் தெரிந்த இரண்டு பேரிடம் கேட்டுப் பாருங்கள், அதில் ஒருவர் உங்களோடு வேலை செய்பவராக இருக்கட்டும்.

அதற்கு முன்னால் திங்கட்கிழமை இருக்கிறது. காலையில் முதலில் கிடங்குக்குப் போய்த் தேதி வாங்குங்கள், பிறகு மேலாளரிடம் அந்த இரண்டு வாரத்தைக் கேளுங்கள். முடியாது என்று அவர் சொன்னால் என்ன காரணம் சொன்னார் என்பதையும் குறித்துக்கொண்டு இங்கே எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று அதை வைத்துப் பேசுவோம்.